சுறாவின் தாய்மை கருப்பையோடு முடிகிறது

சுறா தன் குட்டியைப் பார்த்துக்கொள்ளுமா என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: பார்க்காது. இன்று கடலில் 500-க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உள்ளன. பிறந்த குட்டிக்குத் தாய் இரை கொடுப்பதாகவோ, எதிரியை விரட்டுவதாகவோ, கூடவே நீந்தி வேட்டை பழக்குவதாகவோ இவற்றில் எந்த இனத்திலும் ஆய்வுப் பதிவு கிடையாது. தந்தையைப் பற்றிப் பேசவே வேண்டாம். இணை சேர்ந்த கையோடு அது தன் வழியே போய்விடும்.

இதை வைத்துச் சுறாவை ஈவிரக்கமற்ற தாய் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. ஒரு பெரிய காட் மீன் ஒரே பருவத்தில் பல லட்சம் முட்டைகளைக் கடலில் கொட்டிவிட்டுப் போகும். அவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடியவை தப்பினாலே அதற்குப் போதும். சுறா அப்படிச் செய்வதில்லை. அது போடுவது கொஞ்சம் குட்டிகள்தான்; ஆனால் ஒவ்வொன்றும் பெரியது, பல் முளைத்தது, பிறந்தது முதலே தன் இரையைத் தானே தேடிக்கொள்ளக்கூடியது. அந்த நிலைக்குக் குட்டியைக் கொண்டுவர மாதக்கணக்கில், சில இனங்களில் ஆண்டுக்கணக்கில், தாய் தன் உடம்பைச் செலவழிக்கிறது. வளர்க்கும் வேலை முழுவதையும் உள்ளேயே முடித்துவிட்டுத்தான் குட்டியை வெளியே விடுகிறது. சுறாவின் இனப்பெருக்கத்தில் விசித்திரமாகத் தெரியும் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

கருத்தரிப்பே மற்ற மீன்களிலிருந்து வேறுபட்டது. பெரும்பாலான மீன்களில் முட்டையும் விந்தும் வெளியே, நீரில் கலக்கின்றன. சுறாக்களில் கருவுறுதல் பெண்ணின் உடலுக்குள் நடக்கிறது. ஆண் சுறாவின் இடுப்புத் துடுப்புகளின் உள்விளிம்பு நீண்டு சுருண்டு, குழல் வடிவில் இரண்டு உறுப்புகளாக மாறியிருக்கும். கிளாஸ்பர் என்று இதற்குப் பெயர். அன்று பிறந்த குட்டியைப் புரட்டிப் பார்த்தால்கூட ஆணா பெண்ணா என்று இதைக் கொண்டே சொல்லிவிடலாம். இரண்டு இருந்தாலும் பொதுவாக ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தும். வயிற்றுத் தோலுக்கடியில் உள்ள பைகளில் கடல்நீரை நிரப்பி வைத்துக்கொண்டு, அந்த நீரின் அழுத்தத்தில் விந்தைச் செலுத்துகிறது.

இந்த முறை மிகப் பழையது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கோகோ பகுதியில் கிடைத்த, சுமார் 38 கோடி ஆண்டுப் பழமையான மீன் புதைபடிவம் ஒன்றின் வயிற்றுக்குள் குட்டியும் அதன் தொப்புள்கொடியும் கல்லாகிக் கிடந்தன. 2008-இல் அதற்கு மாடர்பிசிஸ் என்று பெயரிட்டார்கள். அது சுறா அல்ல, அற்றுப்போன கவச மீன் வகையைச் சேர்ந்தது. ஆனாலும் உடலுக்குள் கருவைச் சுமந்து குட்டி போடும் வழக்கம், பாலூட்டிகள் என்ற ஒரு கூட்டம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே கடலில் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

சுறாக்களின் கலவி பார்ப்பதற்கு இதமான காட்சி அல்ல. நீரில் நழுவிப் போகும் பெண்ணைப் பிடித்து நிறுத்த ஆணுக்குக் கை இல்லை, வாய்தான் உண்டு. மார்புத் துடுப்பையோ செவுள் பக்கத்தையோ கடித்துப் பிடித்துக்கொள்ளும். கலவிக் காலத்துக்குப் பிறகு பெண் சுறாக்களின் உடம்பில் பல் பதிந்த காயங்கள் வரிசை வரிசையாகத் தெரியும். நீலச் சுறா இனத்தில் பெண்ணின் முதுகுத் தோல் ஆணின் தோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தடிமனானது. கடியைத் தாங்கவே அப்படி அமைந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் பொருந்தவில்லை.

பெண்ணும் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா முனைக்கு மேற்கே உள்ள டிரை டொர்டுகாஸ் தீவுகளைச் சுற்றிய ஆழமில்லாத நீரில், நர்ஸ் சுறாக்கள் ஆண்டுதோறும் இணை சேர வருகின்றன. 1990-கள் முதல் அங்கே இவற்றைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். கலவிப் பருவத்தில் அந்த இடத்துக்கு ஆட்கள் போகவே தடை. விருப்பமில்லாத பெண், முதுகு வெளியே தெரியும் அளவுக்கு ஆழம் குறைந்த கரையோரத்துக்குப் போய், வயிற்றையும் இடுப்புத் துடுப்புகளையும் மணலில் அழுத்திக்கொண்டு கிடக்கும். அந்த நிலையில் ஆணால் ஒன்றும் செய்ய முடியாது. முயற்சிகளில் பெரும்பகுதி இப்படியே தோற்றுப்போகிறது.

ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்குத் தந்தை ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மரபணுச் சோதனை வந்த பிறகு, இனத்துக்கு இனம் இது வெளிப்பட்டுக்கொண்டே இருக்கிறது. நர்ஸ் சுறாவின் ஓர் ஈற்றில் குறைந்தது நான்கு தந்தைகள் இருந்தது தெரியவந்திருக்கிறது. இன்னொரு வசதியும் பெண்ணிடம் உண்டு. விந்தை உடனே பயன்படுத்தாமல், முட்டைக்கு உறை சுரக்கும் சுரப்பியின் நுண்குழாய்களில் சேமித்து வைத்துக்கொள்ளும். கலிஃபோர்னியாவின் ஒரு மீன்காட்சியகத்தில் ஆணைப் பார்த்தே பல ஆண்டுகள் ஆகியிருந்த மூங்கில் சுறா ஒன்று இட்ட முட்டையிலிருந்து குட்டி வந்தது. குறைந்தது 45 மாதங்கள் விந்தைச் சேமித்து வைத்திருந்தது என்று 2015-இல் உறுதிசெய்தார்கள். எப்போது, எவ்வளவு குட்டிகள் என்று தீர்மானிக்கும் இடம் பெண்ணின் உடல்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கருவுற்ற பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. சுறா இனங்களில் ஏறக்குறைய 40 விழுக்காடு முட்டையிடும். மீதி குட்டி போடும்.

முட்டையிடும் சுறாக்கள் பெரும்பாலும் கடலடியில் வாழும் சிறிய இனங்கள். இவற்றின் முட்டை, கோழி முட்டை மாதிரி சுண்ணாம்பு ஓடு கொண்டதல்ல. நகத்தில் இருக்கும் கெரட்டின் போலத் தோன்றும், ஆனால் பெரும்பாலும் கொலாஜன் புரதத்தால் ஆன, தோல்பை போன்ற கெட்டி உறை அது. பூனைச் சுறாவின் முட்டை உறையில் நான்கு மூலைகளிலும் நீண்ட சுருள் இழைகள் இருக்கும். தாய் கடற்பாசியையோ பவளத்தையோ சுற்றிச் சுற்றி நீந்தி அந்த இழைகளை அதில் பின்னிவிட்டுப் போகும். உள்ளே ஒரு பெரிய மஞ்சள் கரு. அதுதான் குட்டியின் மொத்த உணவு. வீங்கு சுறா என்ற இனத்தில் குட்டி வெளியே வர ஏழரை மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஆகும். உறையைக் கிழித்து வெளியேறும்போது வழுக்கிப் பின்னால் போய்விடாமல் இருக்க, அதன் முதுகில் இரண்டு வரிசைப் பெரிய செதிள் முட்கள் இருக்கும்.

இந்த முட்டைக்குள் ஒன்றும் தெரியாமல் குட்டி கிடப்பதாக நினைக்க வேண்டாம். பாதி வளர்ச்சியில் உறையின் ஓரங்களில் பிளவுகள் திறந்து, கடல்நீர் உள்ளே வந்து போகத் தொடங்குகிறது. குட்டி வாலை இடைவிடாமல் ஆட்டி நீரை ஓடவைக்கிறது. மூச்சுக்கு அது வேண்டும். ஆனால் அந்த அசைவும் வாசனையும் வேட்டையாடும் மீன்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். எதிரி மீனின் உடலிலிருந்து வரும் மின்புலத்தைப் போன்ற ஒன்றைச் செயற்கையாக உண்டாக்கி, மூங்கில் சுறாவின் முட்டைகளருகே வைத்துப் பார்த்தார்கள் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். உள்ளே இருந்த கரு வாலைச் சுருட்டிக்கொண்டு, செவுளை அசைக்காமல், மூச்சையே நிறுத்தி உறைந்து நின்றது. 2013-இல் வெளியான முடிவு இது. தாய் பக்கத்தில் இல்லை. ஆனால் தப்பிக்கும் கருவியை முட்டைக்குள்ளேயே கொடுத்தனுப்பியிருக்கிறது.

முட்டையிட்ட பிறகு தாய் எதையாவது செய்கிறது என்று சொல்ல ஓர் உதாரணம்தான் அகப்படுகிறது. ஆஸ்திரேலியக் கரையோரத்தில் வாழும் போர்ட் ஜாக்சன் சுறாவின் முட்டை உறை திருகு வடிவில் இருக்கும். இட்ட புதிதில் மென்மையாக இருக்கும் அதைத் தாய் வாயால் கவ்விக்கொண்டு போய், பாறை இடுக்கில் செருகிவிடுகிறது. உறை இறுகியதும் திருகு விளிம்புகள் பாறையைப் பற்றிக்கொள்ளும். அலை அடித்தாலும் எளிதில் கழலாது. பத்து முதல் பன்னிரண்டு மாதங்கள் கழித்துக் குட்டி வரும். அதற்குள் தாய் எங்கோ போயிருக்கும். இவ்வளவு பாதுகாப்பு செய்தும், இதே குடும்பத்தைச் சேர்ந்த கொண்டைக் கொம்புச் சுறா அந்த முட்டைகளைத் தேடித் தின்கிறது. இடுக்கில் செருகும் இந்த ஒரு செயலைப் பராமரிப்பு என்று சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம் என்பேன். ஆனால் அதற்கு அப்பால் ஒன்றுமில்லை.

குட்டி போடும் சுறாக்கள்தான் விஷயத்தின் மையம். இவை எல்லாம் ஒரே முறையில் குட்டி போடுவதில்லை. கருவுக்குத் தாய் என்ன கொடுக்கிறது, எப்படிக் கொடுக்கிறது என்பதில் நம்ப முடியாத அளவு வேறுபாடு இருக்கிறது.

எளிய முறையில், முட்டை தாயின் கருப்பைக்குள்ளேயே பொரிகிறது. குட்டி தன் மஞ்சள் கருவையே தின்று வளர்ந்து, அது தீர்ந்ததும் பிறக்கிறது. ஸ்பைனி டாக்ஃபிஷ் என்ற முள் சுறா இந்த வகை. அது ஒன்றும் பெரிய மீன் அல்ல, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம்தான். ஆனால் சினைக்காலம் இரண்டு ஆண்டை நெருங்கும், யானைக்கு நிகரானது. ஆழ்கடலில் வாழும் சுருக்கச் செவுள் சுறாவுக்கு மூன்றரை ஆண்டு வரை ஆகலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த நீரில் எல்லாமே மெதுவாக நடக்கும்.

மீன்களிலேயே மிகப் பெரியதான திமிங்கலச் சுறாவும் இதே வகைதான் என்பது 1995 வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்த ஆண்டு தைவானில் பிடிபட்ட, பத்தரை மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு பெண் சுறாவின் வயிற்றில் சுமார் 300 கருக்கள் இருந்தன. அதிசயம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. சில இன்னும் உறைக்குள் இருந்தன. சில உறையிலிருந்து வெளிவந்து, அறுபது சென்டிமீட்டருக்கும் மேல் வளர்ந்து, பிறக்கத் தயாராக இருந்தன. ஒரே வயிற்றில் வெவ்வேறு வயதுக் குட்டிகள்! பின்னர் அவற்றில் 29 கருக்களின் மரபணுவைச் சோதித்தபோது, எல்லாவற்றுக்கும் ஒரே தந்தை என்று தெரிந்தது. அதாவது ஒரே ஆணின் விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, தாய் தன் வசதிக்கேற்ப முட்டைகளைத் தவணை தவணையாகக் கருவுறச் செய்திருக்கலாம்.

அடுத்த வகையைப் படிப்பவர்கள் முகம் சுளிப்பது வழக்கம். மணல் புலிச் சுறாவுக்கு இரண்டு கருப்பைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் பல முட்டைகள் கருவுற்று வளரத் தொடங்குகின்றன. முதலில் உறையை விட்டு வெளியேறி, ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் நீளத்தை எட்டும் கரு, பல் முளைத்த கையோடு தன் உடன்பிறப்புகளைத் தேடித் தின்னத் தொடங்குகிறது. அவை தீர்ந்த பிறகு, தாய் தொடர்ந்து உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும் கருவுறாத முட்டைகளைத் தின்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள் கழித்துக் கருப்பைக்கு ஒன்றாக இரண்டே குட்டிகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் ஒரு மீட்டர் நீளம். மூன்று மீட்டர் கூட எட்டாத தாய் ஒன்றுக்கு இப்படி இரண்டு குட்டிகள் என்றால் நினைத்துப் பாருங்கள்.

இந்தச் செய்தி உலகுக்குத் தெரியவந்த விதமும் சுவையானது. 1940-களில் அமெரிக்க மீனியல் ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஸ்பிரிங்கர், பிடிபட்ட ஒரு மணல் புலிச் சுறாவின் கருப்பைக்குள் கையை விட்டுத் துழாவியபோது உள்ளே இருந்த குட்டி அவரைக் கடித்துவிட்டது. பிறக்காத குட்டியிடம் கடி வாங்கிய மனிதர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

இதில் தாய்க்கு என்ன ஆதாயம்? 2013-இல் டெமியன் சாப்மன் குழுவினர் ஒரு பதிலைத் தந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் கடற்கரைப் பாதுகாப்பு வலைகளில் சிக்கி இறந்த 15 சினைச் சுறாக்களின் கருக்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். பெரும்பாலான தாய்கள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு இணைந்திருந்தன. ஆனால் உடன்பிறப்புகளைத் தின்று மிஞ்சிய இரண்டு குட்டிகளைப் பார்த்தால், பாதிக்கும் மேற்பட்ட தாய்களில் இரண்டுக்கும் ஒரே தந்தை. கடலில் ஆண்களுக்குள் நடக்கும் போட்டி, கருப்பைக்குள்ளும் தொடர்கிறது. வேகமாக வளரும் கருவைக் கொடுத்த ஆண் வெல்கிறது. தாயின் பக்கம் பார்த்தால், இருபது சிறு குட்டிகளைக் கடலில் விட்டு இழப்பதைவிட, எதிரிகள் பலரும் தொட அஞ்சும் அளவில் இரண்டை விடுவது அதற்கு லாபம். கொடூரம் என்ற சொல்லை இங்கே பயன்படுத்துவது நம் கோணத்தின் கோளாறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெரிய வெள்ளைச் சுறாவின் கருவும் கருவுறாத முட்டைகளைத் தின்கிறது. ஆனால் உடன்பிறப்பைத் தின்பதாக ஆதாரம் இல்லை. 2014-இல் ஜப்பானின் ஒகினாவா அருகே பிடிபட்ட சினை வெள்ளைச் சுறாவை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். முட்டைகள் வரத் தொடங்குவதற்கு முந்தைய கட்டத்தில், கருப்பையின் உட்சுவர் கொழுப்பு நிறைந்த ஒரு திரவத்தைச் சுரந்து கருவுக்கு ஊட்டுகிறது. கருப்பைப் பால் என்றே இதைச் சொல்கிறார்கள். பிறக்கும்போது குட்டி 1.2 முதல் 1.5 மீட்டர் நீளம் இருக்கும். 2023 ஜூலையில் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா அருகே, உடம்பிலிருந்து வெள்ளைப் படலம் உரிந்துகொண்டிருந்த சுமார் ஒன்றரை மீட்டர் சுறா ஒன்று டிரோன் கேமராவில் பதிவானது. அந்தப் படலம் கருப்பைப் பாலின் எச்சமாக இருக்கலாம், குட்டி பிறந்து சில மணி நேரமே ஆகியிருக்கலாம் என்று படம்பிடித்தவர்கள் கருதினார்கள். தோல் நோயாகவும் இருக்கலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். உலகமே பெயர் அறிந்த இந்தச் சுறா குட்டி ஈனுவதை இன்றுவரை யாரும் நேரில் பார்த்துப் பதிவு செய்ததில்லை.

மூன்றாவது வகையில் சுறா நம்மை மிகவும் நெருங்கி வருகிறது. சுத்தியல் தலைச் சுறா, காளைச் சுறா, நீலச் சுறா, எலுமிச்சைச் சுறா இவற்றின் கரு முதலில் மஞ்சள் கருவைத் தின்று வளரும். அது தீர்ந்ததும், காலியான அந்தப் பை கருப்பைச் சுவரோடு ஒட்டி நஞ்சுக்கொடியாகிவிடும். பையையும் குட்டியையும் இணைத்த தண்டு தொப்புள்கொடியாகிறது. தாயின் ரத்தத்திலிருந்து சத்தும் உயிர்வளியும் அதன் வழியே வருகின்றன. இந்த முறை உச்சத்தை எட்டியிருப்பது இந்தியப் பெருங்கடலின் கரையோர நீரில் வாழும் ஸ்கோலியோடான் என்ற சிறிய சுறாவில். அதன் முட்டை ஒரு மில்லிமீட்டர்தான், மஞ்சள் கரு என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதனால் கரு வெகு சீக்கிரமே தாயோடு ஒட்டிக்கொள்கிறது. ஐந்தாறு மாதத்தில் குட்டியாகிறது. சுத்தியல் தலைச் சுறாவில் இன்னொரு ஏற்பாடு: உள்ளே இருக்கும்போது தலையின் இரு பக்கங்களும் வளைந்து பின்னோக்கி மடிந்திருக்கும். இல்லாவிட்டால் பிரசவம் என்ன ஆகும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

சுறாவுக்கு நஞ்சுக்கொடி உண்டு என்று முதலில் எழுதிவைத்தவர் அரிஸ்டாட்டில். கி.மு. நான்காம் நூற்றாண்டில், வழவழப்பான தோல் கொண்ட ஒரு சிறு சுறாவில் குட்டி தொப்புள்கொடியால் கருப்பையோடு இணைந்திருப்பதை அவர் விவரித்தார். பல நூற்றாண்டுகள் இதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1840-களில் ஜெர்மானிய உடலியலாளர் யோஹான்னஸ் முல்லர் அறுத்துப் பார்த்து, அவர் சொன்னது சரிதான் என்று நிறுவினார். அதே அரிஸ்டாட்டில்தான், சுறாக்கள் தம் குட்டிகளை வெளியே விட்டுவிட்டு மறுபடி உடலுக்குள் வாங்கிக்கொள்ளும் என்றும் எழுதினார். அறுத்துப் பார்க்க வேண்டிய கடினமான உண்மையைச் சரியாகப் பிடித்தவர், இதில் கோட்டைவிட்டார். பிடிபட்ட சுறாவின் உடலிலிருந்து குட்டிகள் வெளியே வந்து விழுவதைக் கண்ட மீனவர்களின் பேச்சு இப்படித் திரிந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

அந்தக் காட்சி இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. கரைக்கு இழுத்த சுறாவின் வயிற்றை அழுத்த, குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். பார்ப்பவர்கள் பிரசவம் என்று கைதட்டுவார்கள். பெரும்பாலும் அது பிரசவம் அல்ல, கருச்சிதைவு. தூண்டிலிலோ வலையிலோ சிக்கித் தவிக்கும் சினைச் சுறா, அந்த அதிர்ச்சியில் நாள் நிரம்பாத குட்டிகளை வெளியே தள்ளிவிடும். வயிற்றில் மஞ்சள் கருப் பை தொங்கும் குட்டிகளைத் திரும்பக் கடலில் விட்டாலும் பிழைக்காது.

இயல்பான பிரசவம் எப்படி இருக்கும் என்பதை எலுமிச்சைச் சுறாவில் ஓரளவு நெருக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். பஹாமாஸின் பிமினி தீவில், சாமுவேல் குரூபர் 1990-இல் நிறுவிய ஆய்வு நிலையத்தினர் தலைமுறை தலைமுறையாக இவற்றைப் பின்தொடர்ந்து வருகிறார்கள். பத்துப் பன்னிரண்டு மாதச் சினைக்குப் பிறகு தாய், கடலிலிருந்து ஆழமில்லாத காயலுக்குள் வருகிறது. வால் முதலில் வர, குட்டிகள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. குட்டி கொஞ்ச நேரம் அடியில் கிடந்து, பிறகு உதறி நீந்தும்போது தொப்புள்கொடி அறுகிறது. 60 சென்டிமீட்டர் நீளக் குட்டி நேராக அலையாத்தி வேர்களுக்குள் போய்ப் புகுந்துகொள்ளும். தாய் திரும்பிப் பார்ப்பதில்லை. குட்டியின் மார்புத் துடுப்புகளுக்கு இடையே தொப்புள் பிளவு ஒன்று மிஞ்சும். சில வாரங்களில் அது மூடிவிடும். பிடித்த குட்டி எத்தனை நாள் வயது என்று ஆய்வாளர்கள் கணிப்பது அந்தத் தழும்பைப் பார்த்துத்தான்.

தாய் விட்டுப் போகும் இடம் ஏனோதானோவென்று அமைவதல்ல. ஆழமில்லாத காயல், ஆற்று முகத்துவாரம், அலையாத்தி ஓரம் என்று பெரிய சுறாக்கள் எளிதில் வர முடியாத இடங்களைத்தான் பல இனங்கள் தேர்ந்தெடுக்கின்றன. காளைச் சுறா உப்புக் குறைந்த ஆற்று நீருக்குள்ளேயே குட்டிகளை விடுகிறது. பிமினிக் குட்டிகள் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அந்தக் காயலின் ஒரு சிறு மூலையை விட்டு நகர்வதில்லை. அலை ஏறும்போது வேர்களுக்குள் ஒதுங்குகின்றன. அவை பயப்படுவது யாருக்கு? பெரும்பாலும் தம் இனத்தின் பெரிய சுறாக்களுக்கே. ஈன வந்த தாய்க்குப் பசி அடங்கிவிடும், அதனால்தான் குட்டியைத் தின்பதில்லை என்று ஒரு பழைய கருத்து உண்டு. அதற்கு வலுவான ஆதாரம் இதுவரை வரவில்லை. ஈன்றதும் தாய் அங்கிருந்து போய்விடுவதே குட்டிக்கு அது செய்யும் பெரிய உபகாரம்.

தாய் கொடுத்தனுப்பும் இன்னொன்று ஈரல். பல இனங்களில் குட்டி பிறக்கும்போது உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிய, கொழுப்பு நிறைந்த ஈரலோடு பிறக்கிறது. தென்னாப்பிரிக்கக் கடலின் டஸ்கி சுறாக் குட்டிகளை ஆராய்ந்தபோது, பிறந்த சில வாரங்களில் அந்த ஈரல் சுருங்கிக்கொண்டே வருவது தெரிந்தது. வேட்டை பழகும் வரை தாக்குப்பிடிக்கத் தாய் கொடுத்த வழிச்செலவு அது. அது தீர்வதற்குள் பழகாத குட்டி பிழைக்காது. ஹவாயின் கனோஹே விரிகுடாவில் சுத்தியல் தலைச் சுறாக் குட்டிகள் பல எடை இழந்து பட்டினியிலேயே இறக்கின்றன. பிமினியிலும் முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய பாதிக் குட்டிகள் இறந்துவிடுகின்றன. இத்தனை முன்னேற்பாடு இருந்தும் இதுதான் நிலை.

பிமினியில் கிடைத்த வேறொரு முடிவை நான் இவற்றில் முதலிடத்தில் வைப்பேன். 1990-களில் அங்கே பிறந்து, அடையாளமிட்டு விடப்பட்ட பெண் குட்டிகள் வளர்ந்து கடலுக்குப் போய்விட்டன. 14 முதல் 17 ஆண்டுகள் கழித்து, குறைந்தது ஆறு பெண்கள் தாம் பிறந்த அதே காயலுக்கு ஈன வந்தன. மரபணுவைக் கொண்டு கெவின் ஃபெல்ட்ஹைம் குழுவினர் 2013-இல் இதை நிறுவினார்கள். அப்படியானால் ஒரு காயலைத் தூர்த்துவிட்டால், பக்கத்துக் காயலுக்குப் போய் ஈனும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆணே இல்லாமல் குட்டி போடுவதும் உண்டு. 2001 டிசம்பரில் அமெரிக்காவின் ஒமாஹா விலங்குக் காட்சிசாலையில், பெண்கள் மட்டுமே இருந்த தொட்டியில் பானெட்ஹெட் என்ற சிறு சுத்தியல் தலைச் சுறா ஒரு குட்டி போட்டது. 2007-இல் மரபணுச் சோதனை, அதற்குத் தந்தை என்று யாருமே இல்லை என்று காட்டியது. பாவம், அந்தக் குட்டியை அதே தொட்டியில் இருந்த திருக்கை பிறந்த அன்றே கொன்றுவிட்டது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் மீன்காட்சியகத்தில் லியோனி என்ற வரிக்குதிரைச் சுறா இன்னும் ஒரு படி மேலே போனது. முன்பு ஆணோடு சேர்ந்து குட்டிகள் பெற்றிருந்த அது, 2012-இல் தனியாகப் பிரிக்கப்பட்ட பிறகு, 2016-இல் தானாகவே மூன்று குட்டிகளைக் கொடுத்தது. தாயிடமிருந்து மட்டும் மரபணு வருவதால் இப்படிப் பிறப்பவற்றில் வேறுபாடு குறைவு; கடலில் இது பெரிய அளவில் கைகொடுக்கும் வழி அல்ல.

சில குட்டிகள், நீண்ட சினை, தாமதமான பருவம் என்ற இந்த வாழ்க்கை முறை கடலில் பெரிய எதிரிகள் இல்லாதவரை கோடிக்கணக்கான ஆண்டுகள் நன்றாகவே ஓடியது. வடமேற்கு அட்லாண்டிக்கில் பெரிய வெள்ளைச் சுறாவின் பெண் பருவமடைய ஏறக்குறைய 33 ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கிரீன்லாந்து சுறாவுக்கு அது சுமார் 150 ஆண்டுகள். காட் மீனைப் பிடிக்கும் வேகத்தில் இவற்றைப் பிடித்தால் ஈடுகொடுக்க முடியாது. 1970 முதல் 2018 வரை பெருங்கடல் சுறாக்கள், திருக்கைகளின் எண்ணிக்கை 71 விழுக்காடு சரிந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

எந்தச் சுறாவைப் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். முள் சுறாவில் பெண்தான் பெரியது; பெரிய தாய்கள் அதிகக் குட்டிகளையும் பெரிய குட்டிகளையும் ஈனும். 1990-களில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இதற்குச் சந்தை உருவானபோது, எடைக்காகப் பெரிய பெண்களையே தேடிப் பிடித்தார்கள். 1997 முதல் 2003 வரை அந்தக் கடலில் குட்டிகளின் எண்ணிக்கை வரலாறு காணாத அளவுக்குக் குறைந்தது. கடலில் முள் சுறாக்கள் இல்லாமல் போய்விடவில்லை. சினையாகக்கூடிய பெரிய பெண்கள்தான் போய்விட்டன. 2000-இல் பிடிப்புக்கு உச்சவரம்பு வைத்தார்கள். ஒரு சினைக்கே இரண்டு ஆண்டு எடுக்கும் மீன் மீண்டுவிட்டது என்று அறிவிக்க 2010 வரை ஆனது.